எட்டு சாம்பார் தூக்கும் நான்கு பேஸ் பெட்டிகளும்

புதிதாக இந்த ஸ்பீக்கர் பெட்டி அடிக்கும் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "அண்ணாச்சி, பதினெட்டு இன்ச் ஸ்பீக்கருக்குக் குழாய் எத்தன இன்ச் வைக்கணும்?" அதை உங்கள் கையில் இருக்கும் போனே சொல்லிவிடும். பெட்டியின் நீள அகல உயரத்தைக் கொடுத்தால் அரை நொடியில் பதில் வருகிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் பிளைவுட் தூசியைத் தின்று கற்றதை அது ஒரு தும்மல்கூடப் போடாமல் சொல்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, குடிக்காமல், தூங்காமல், ஒரு மனிதன் எட்டுக் குழாய்களை வரிசையாக நாசம் செய்வது எப்படி என்று அந்தப் போனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் செய்திருக்கிறேன்.

முதலில் இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயம். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் 'ஊம்' என்று ஒரு சத்தம் வருமே, தாழ்ந்து அதிரும் சத்தத்தைத் தரும் பேஸ் பெட்டியும் அதுதான். பெட்டி பாட்டில், அதில் நாம் சொருகும் குழாய் பாட்டிலின் கழுத்து. குழாய் நீளமாக இருந்தால் சத்தம் இறங்கும், குட்டையானால் ஏறும். நமக்கு வேண்டிய இடத்தில் சத்தம் வந்து நிற்கும்வரை குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதுதான் ஸ்ருதி சேர்ப்பது. அறுத்துக் குறைக்கலாம், குறைத்ததை வளர்க்க முடியாது. ஆகவே நல்ல தொழிலாளி அறுப்பதற்கு முன் சரிபார்ப்பான். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்பீக்கரின் மேல் ஒரு சிட்டிகை கடுகைத் தூவி, வேண்டிய சத்தத்தை உள்ளே விட வேண்டும். குழாய் தப்பான அளவில் இருந்தால் கடுகு துள்ளும். சரியான அளவுக்கு வந்ததும் வேலை முழுவதையும் குழாயில் போகும் காற்றே எடுத்துக்கொள்ள, ஸ்பீக்கர் அடங்கிவிடும், கடுகும் அப்படியே உட்கார்ந்துவிடும். எனக்குத் தொழில் கொடுத்தவர் இப்படித்தான் செய்தார். நானும் முதல் எட்டொன்பது வருடங்கள் இப்படித்தான் செய்தேன். பிறகு எனக்குச் சோம்பேறித்தனமும் கெட்டிக்காரத்தனமும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன.

என் பட்டறை மும்பை தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே நான்காவது சந்து. பத்துக்குப் பதினைந்து இடம். ஒரு பக்கச் சுவர் வெறும் தகரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சியக்காவின் இட்லிக் கடை. கடை என்றால் உட்கார்ந்து சாப்பிடும் கடை இல்லை. விடியற்காலையில் அவித்து, எட்டுப் பேரிடம் கொடுத்து அனுப்புவார். அவர்கள் சைக்கிளில் ஒரு பக்கம் இட்லி டப்பா, மறு பக்கம் சாம்பார் தூக்கு என்று கட்டிக்கொண்டு மாதுங்கா, சயான், சுனாபட்டி, செம்பூர் வரைக்கும் போவார்கள். பதினோரு மணிக்குள் எல்லாம் விற்றுத் திரும்பிவிடும். பிறகு பாத்திரம் கழுவி, இட்லித் தட்டுகளைத் தகரத்தை ஒட்டிய பலகையில் அக்கா அடுக்கி வைப்பார். எல்லாம் பெரிய அலுமினியத் தட்டுகள், ஆள் உயரத்துக்கு அடுக்கு.

நான் மதியத்துக்கு மேல்தான் ஸ்ருதி சேர்க்க உட்காருவேன். ஒரு நாள் அப்படி அறுத்துக்கொண்டிருக்கும்போது, குழாய் சரியான அளவுக்கு வந்த அந்த நொடியில், தகரத்துக்கு அந்தப் பக்கம் அத்தனை தட்டுகளும் கலகலவென்று நடுங்கின. கடுகைப் பார்த்தேன், அடங்கியிருந்தது. அடுத்த பெட்டியிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. நான் அடிப்பது பெரும்பாலும் ஒரே அளவுப் பெட்டி, வைப்பதும் ஒரே சத்தம். அந்தச் சத்தம் முழு பலத்தோடு வந்தால் தட்டு கத்தும், வராவிட்டால் கத்தாது. இனி பெட்டியைப் படுக்க வைப்பானேன், கடுகைப் பொறுக்குவானேன்? குழாயை அறுத்துக்கொண்டே போவது, தட்டு கத்தியதும் ரம்பத்தைக் கீழே வைப்பது. பதினோரு வருடம் இப்படியே ஓட்டினேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, பேச்சியக்காவிடமும்தான். சொன்னால் என் வித்தை இட்லித் தட்டில் இருக்கிறது என்று ஊர் சிரிக்குமே. சந்தில் எதிரே பார்த்தால் "என்ன அண்ணாச்சி" என்பார், நான் "என்னக்கா" என்பேன், அதோடு சரி. மாதுங்காவில் ஒரு பஜனை மண்டபத்துக்குச் சின்னதாக இரண்டு பெட்டி செய்து கொடுத்தேன். அதன் காரியதரிசி பாலக்காட்டு மாமா ஒருவர், ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓய், சுனாபட்டி பந்தல்ல கேட்டேன், கோவண்டி கல்யாணத்துல கேட்டேன். உம்ம பெட்டி எல்லாம் ஒரே ஸ்ருதியில முனகறது ஓய். எப்படிங்காணும் இது?" நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி சுடலைமுத்து. கோவண்டிப் பையன், முப்பது வயது. செம்பூரில் ஒரு சவுண்டு சர்வீஸ் முதலாளியிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தான். வேலை என்றால் கேபிள் சுற்றுவது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பக்கம் போகக்கூடாது, பெட்டியைத் தொடக்கூடாது. ஒரு கல்யாணத்தில் முதலாளியின் பேஸ் கரகரத்தபோது இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பெட்டி ஸ்ருதில இல்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவர் சொன்ன பதில்: "ஒனக்கு கேபிள் சுத்தத்தாம்ல லாயக்கு." சுடலை கையிலிருந்த கேபிளை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். செம்பூரில் ஒரு அம்மன் கோயில் ஆடித் திருவிழா ஊர்வலத்துக்கு, அந்த முதலாளி வருடாவருடம் செய்துவந்த வேலையை, இவன் போய்க் கேட்டு வாங்கிவிட்டான். ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், அதற்காக நான்கு பேஸ் பெட்டி என்னிடம் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை மதியம் பட்டறைக்கு வந்தவனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணாச்சி, அந்தாளு போன் பண்ணுனாரு. நாளைக்கு சாயந்தரம் அவரே வந்து நின்னு கேப்பாராம். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு கேபிள் சுத்த வந்துருன்னுட்டு வச்சிட்டாரு."

"அவரு கெடக்காருடே."

"இல்லண்ணாச்சி. பெட்டி பேசலேன்னா நான் போய்த்தான் ஆவணும். வேற யாரு எனக்கு வேலை குடுப்பா? அவரு கால்ல விழுந்து அந்தக் கேபிளத்தான் எடுக்கணும். அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாவலாம்."

அவன் கத்திச் சொன்னான். தகரத்தின் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும் என்பதை நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. நான் அவன் தோளைத் தட்டி, "இருபது வருசமா ஏம் பெட்டி பேசாம இருந்துருக்கா? போய்த் தூங்கு" என்று அனுப்பி வைத்தேன். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை, நேரமில்லாததால் வழக்கத்துக்கு முன்னாலேயே, பதினொன்றரைக்கே உட்கார்ந்தேன், சுடலையும் வந்துவிட்டான். நான்கு பெட்டிக்கு எட்டுக் குழாய், ஆறு அங்குல அகலம், ஒவ்வொன்றும் பதினைந்து அங்குல நீளம். வழக்கமாகப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே தட்டு கத்திவிடும். முதல் பெட்டிக்குள் சத்தத்தை விட்டு அறுக்க ஆரம்பித்தேன். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டரை. காதைத் தகரத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை.

"என்னண்ணாச்சி, தகரத்துல காத வைக்கியோ?" என்றான் சுடலை.

"தொழில் ரகசியம். நீ பேசாம இரு."

பன்னிரண்டில் கத்தவில்லை. பதினொன்றில் கத்தவில்லை. பத்தில், இந்தப் பிளைவுட் மழையில் ஈரம் குடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். ஒன்பதில் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன். எட்டில் ஸ்பீக்கரை. ஏழில் குழாய் விற்ற சேட்டை. ஆறு அங்குலத்தில் சுடலைமுத்துவையே சந்தேகப்பட்டு, "கொஞ்சம் வெளிய போய் நில்லுடே, நீ நின்னா காத்து அடைக்கி" என்றேன். அந்தப் பாவியும் மழையில் போய் நின்றான். வாசலிலிருந்தே, "அண்ணாச்சி, போன்ல ஆப் இருக்கு, ஒருதரம் பாக்கவா?" என்று கேட்டான். "அந்த ஆப் பொறக்கதுக்கு முன்னாலயே நான் பெட்டி அடிச்சவம்ல" என்று கத்தினேன். நான்கு அங்குலத்தில் ரம்பம் பிடிக்கவே இடமில்லை, நிறுத்தினேன்.

இந்த இடத்தில் புத்தி உள்ளவன் என்ன செய்வான்? ரம்பத்தை வைத்துவிட்டு ஒரு டீ குடிப்பான். நான் இரண்டாவது பெட்டியை எடுத்தேன். முதல் பெட்டியில் ஏதோ கோளாறு, இரண்டாவது கட்டாயம் கத்தும் என்று நினைத்தேன். அதுவும் நான்கு அங்குலத்துக்கு வந்து நின்றது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை எடுத்தபோது என் மூளை ஒரு புதிய நியாயத்தைக் கண்டுபிடித்தது: மூன்று பெட்டி குட்டைக் குழாயோடு இருக்கும்போது ஒன்று மட்டும் நெட்டைக் குழாயோடு இருந்தால் நன்றாக இருக்காது. ஆகவே அதையும் தட்டைக் கேட்காமலே நான்கு அங்குலமாக அறுத்துவிட்டேன். அவசரத்தில் இருக்கும் மனிதன் செய்யும் பைத்தியக்காரத்தனம் எல்லாமே அவனுக்கு அந்த நேரத்தில் கணக்காகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது.

பிறகு நான்கு பெட்டியையும் சேர்த்து ஒரு பாட்டைப் போட்டேன். 'தும்' என்று நெஞ்சில் இறங்க வேண்டிய அடி, காலி டிரம்மை உதைத்த மாதிரி 'டொம் டொம்' என்றது. ஸ்பீக்கர் கட்டுப்பாடில்லாமல் உதறியது. சுடலை மழையிலிருந்து உள்ளே வந்து நின்றான். வளையல்கள் மாதிரித் தரையெங்கும் கிடந்த குழாய்த் துண்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது, இவ்வளவு நேரம் வந்திருக்க வேண்டிய சந்தேகம். எழுந்து அடுத்த வாசலுக்குப் போனேன். பதினோரு வருடத்தில் நான் அந்தப் படியேறியது அன்றுதான் முதல் தடவை.

பேச்சியக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தார். பலகையில் தட்டு அடுக்கு இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பழைய சேலைத் துணி மடித்து வைத்து, மொத்த அடுக்கையும் கொச்சைக் கயிற்றால் கோயில் தேரைக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டியிருந்தது.

"அக்கா, இது என்னது?" என்று கேட்டேன்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நேத்து அந்தத் தம்பி பொலம்புனது கேட்டுச்சி அண்ணாச்சி. மனசு கேக்கல. நீங்க சத்தம் வச்சிப் பாக்கும்போதெல்லாம் எந் தட்டு கெடந்து கலகலன்னு கத்தி ஒங்க வேலயக் கெடுக்கும்லா? பதினோரு வருசமா நீங்களும் ஒரு வார்த்த மொகஞ்சுளிச்சிச் சொன்னதில்ல, ஒங்க நல்ல மனசு. இன்னைக்காவது நிம்மதியா வேல பாக்கட்டும்னுதான் கழுவுன கையோட துணி வச்சிக் கட்டிட்டேன். ஒரு சத்தம் வந்துச்சா சொல்லுங்க?"

"வரல அக்கா" என்றேன். "ஒரு சத்தமும் வரல."

பின்னாலேயே சுடலை வந்து நின்றிருந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடுகை விட்டது, தட்டைப் பிடித்தது, தட்டு கத்தாததால் எட்டுக் குழாயும் போனது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா உளுந்துக் கையோடு எழுந்து நின்றார்.

"ஏ பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா? ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கேன்னு நான் தெனமும் பயந்து பயந்துலா தட்ட அடுக்குதேன்!"

அவர் பயந்து பயந்து அடுக்கினார். என் சத்தத்தால் அவருக்குத் தொந்தரவு என்று நானும் பதினோரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். நடுவில் இருந்தது ஒரு தகரம். தம்பிகளா, தொழிலில் நாம் எதை நம்பி அளக்கிறோமோ அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். இதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மணி ஒன்றே முக்கால். நான்கு மணிக்கு டெம்போ. குழாய்க் கடை சேட் ஷட்டரை இறக்கிவிட்டு உல்லாஸ்நகரில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். சந்து முனைக் கடையில் நாலு அங்குல அகலக் குழாய்தான் இருந்தது. குர்லாவுக்குப் போகலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக மெகா பிளாக், ரயில் இல்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். சுடலை நாலு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு, "பஸ், கதம்", எல்லாம் முடிந்தது, என்று அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நீளம் கொறயுது?" என்று கேட்டது பேச்சியக்கா.

"எட்டு இன்ச்சுக்கா."

"அகலம்?"

நான் கையை வட்டமாக வைத்துக் காட்டினேன். அக்கா என் கையைப் பார்த்தார், அப்படியே நிமிர்ந்து மேலே பார்த்தார். உத்தரத்துக் கம்பியில் எட்டு சாம்பார் தூக்கு வரிசையாகக் கவிழ்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் எவர்சில்வர், ஒரே அளவு, ஒவ்வொன்றின் கழுத்திலும் 'பேச்சியம்மாள்' என்று பேர் வெட்டியது. மூவரும் அதையே பார்த்தோம்.

"வேண்டாம்க்கா. நாளைக்கு வியாபாரம்?" என்றான் சுடலை.

"நாளைக்கு ஒரு நாள் சட்னி மட்டுந்தான்னு சொல்லச் சொல்லிருதேன். மாதுங்கால ரெண்டு மாமி கோவப்படுவாங்க, பட்டுட்டுப் போறாங்க. நீ கேபிள் சுத்தப் போவாண்டாம். எடுங்க அண்ணாச்சி."

ஒரு தூக்கை எடுத்துப் போய்க் குழாய் வாயில் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் உள்ளே போய், மயிரிழை இடம் விட்டு நின்றது. அடியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால் தூக்கே குழாய்தான். இரும்பு அறுக்கும் கிரைண்டர் முதல் தூக்கின் அடியில் இறங்கியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவதிலிருந்து திரும்பி நின்று, "நேரா வெட்டுங்க, கோணாதீங்க" என்று எனக்கே வேலை சொல்ல ஆரம்பித்தார். சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி இடைவெளியை அடைத்தோம். பெட்டியைத் திறந்து உள்பக்கமாக மாட்ட நேரமில்லாததால் முன்பக்கமே மாட்டினோம். நான்கு பெட்டியிலும் இரண்டிரண்டு தூக்கு வாயைத் திறந்துகொண்டு வெளியே நீட்டி நின்றது. பிடியைக் கழற்றியும் அது சாம்பார் தூக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்தேன். அக்கா அஞ்சறைப் பெட்டியோடு வந்து அவரே கடுகைத் தூவினார். சத்தத்தை விட்டேன். கடுகு சட்டியில் வெடிப்பதுபோலத் துள்ளியது. இரண்டு தூக்குகளையும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன், கொஞ்சம் வெளியே இழுத்தேன். இழுக்க இழுக்கக் குழாய் வளர்ந்தது. இருபது வருடத்தில் நான் பார்க்காத அதிசயம் அது. ஓரிடத்தில் கடுகு ஒவ்வொன்றாக அடங்கி அப்படியே உட்கார்ந்தது. தூக்கின் வாயிலிருந்து அக்காவின் முந்தானை பறக்கிற அளவுக்குக் காற்று வந்தது.

"ஏ, அடங்கிட்டே!" என்று அக்கா கையைத் தட்டினார். சுடலை போனை எடுத்து ஆப்பில் பார்த்தான், அளவு அச்சாக நிற்பதைப் பார்த்து "பரோபர்" என்றான். இந்த முறை நான் அவனைத் தடுக்கவில்லை.

நாலே காலுக்கு டெம்போ கிளம்பியது. அக்கா வரவில்லை, மறுநாளைக்கு மாவு ஆட்ட வேண்டும். செம்பூரில் கோயில் முன்னால் பெட்டிகளின் மேலிருந்த தார்ப்பாயை எடுத்ததும் கூட்டம் சிரித்தது. ஒருத்தர் போட்டோ எடுத்தார். சுடலையின் பழைய முதலாளி சொன்னபடியே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. தூக்குகளைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து, "என்னல, கச்சேரியா பந்தியா?" என்று கேட்டார். சுடலை மிக்சர் முன்னால் போய் நின்றான். ஒன்பது வருடம் எட்டி நின்று பார்த்த மிக்சர். ஒரு குமிழை மெல்லத் திருப்பினான்.

முதல் அடி விழுந்தது. காதால் கேட்ட சத்தம் இல்லை அது, காலில் ஏறி நெஞ்சில் உட்கார்ந்த சத்தம். முன்வரிசையில் நின்ற பெண்கள் ஓர் அடி பின்னால் போய், பிறகு இரண்டடி முன்னால் வந்தார்கள். முதலாளியின் குடை சாய்ந்து மழை அவர் தோளில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. எவர்சில்வரில் வாசனை தங்காது என்று சொல்பவர்களுக்குப் பேச்சியக்காவின் பெருங்காயத்தைத் தெரியாது. அவசரத்தில் யாரும் தூக்கைச் சரியாகத் தேய்க்கவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் எட்டு வாயிலிருந்தும் புஸ்ஸென்று காற்று வந்தது, ஒவ்வொரு காற்றிலும் சாம்பார் வந்தது. அம்மன் முன்னால் போக, பின்னால் செம்பூர் முழுக்கச் சாம்பார் மணந்தது. இரண்டாவது தெரு திரும்பும்போது டெம்போவுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றிருந்தது. சிலர் கையில் தட்டு. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து, "அன்னதானம் கோயில்லதானே வச்சிருக்கோம், இங்க யாரு போடறா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் பெட்டியைக் காட்டினேன். அவர் குனிந்து தூக்கின் வாயில் மூக்கை வைத்தார். அடுத்த அடியில் அவர் தலைமயிர் முழுவதும் பின்னால் போனது. எழுந்து தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். வரிசை மட்டும் கடைசிவரை கலையவில்லை.

ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பி, பாட்டு நின்றதும் முதலாளி டெம்போ பக்கம் வந்தார். உள்ளங்கையைத் தூக்கின் வாயில் வைத்துப் பார்த்தார், அதை முகர்ந்தார். கழுத்தில் வெட்டியிருந்த பெயரைக் குனிந்து படித்தார்.

"பேச்சியம்மாள். எந்தக் கம்பெனிடே இது?"

"தாராவி" என்றான் சுடலை.

"அவங்களா ஸ்ருதி சேத்தது?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில்தான் நிற்கிறேன், கையைக் காட்டினால் போதும். சுடலை என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லாத பார்வைதான், ஆனால் எட்டுக் குழாயையும் அது மறக்கவில்லை.

"ஆமா மொதலாளி. அவங்கதான். இந்த நாலு மட்டுமில்ல, பதினோரு வருசமா இந்தப் பக்கத்துல நல்லாப் பேசுன பெட்டி பாதி அவங்க ஸ்ருதிதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதினோரு வருடமும் கத்திச் சொன்னது அவர் தட்டுதானே.

முதலாளி திங்கட்கிழமை, கேபிள் என்று எதையும் பேசவில்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஆறு பெட்டி சரி பண்ணணும்டே சுடல. அந்தம்மா நம்பரக் குடேன்" என்றார். 'என்னல' என்றே கூப்பிட்டவர் அன்றுதான் அவன் பெயரைச் சொன்னார்.

சுடலை போனைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "எங்கிட்ட இல்ல. அண்ணாச்சி, பக்கத்துலதான இருக்கியோ, அக்கா நம்பரு ஒங்ககிட்ட இருக்கும்லா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருக்கிற நம்பரைத் தேடுகிறவன் மாதிரி ரொம்ப நேரம் தேடினேன்.